தட்டில் ஊற்ற வேண்டிய தண்ணீர்

திருவண்ணாமலை
22.1.1996

அன்பு வேதா அக்காவுக்கு உன் தங்கை கவிநிலா எழுதுவது.

இந்த வருடம் உனக்கு எழுதும் கடிதங்களில் நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். எதையும் மறைக்க மாட்டேன், கூட்டியும் எழுத மாட்டேன். பார்த்ததை ஒரு பக்கம் எழுதுங்கள், நினைத்ததை இன்னொரு பக்கம் எழுதுங்கள், இரண்டையும் கலக்காதீர்கள் என்று எங்கள் கஸ்தூரி டீச்சர் வகுப்பில் சொன்னார். எனக்கு அது பிடித்துவிட்டது.

முதலில் உடம்பு விஷயம். அம்மாவுக்கு முட்டிவலி கம்மி. அப்பாவுக்கு இருமல் போய்விட்டது. எனக்கு ஒன்றும் இல்லை. நீ குன்னூருக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா? தருமன் மாமா நலமா?

இனி பார்த்தது. போகி அன்று சாயங்காலம் நீ வந்தாய். மாமா வரவில்லை. ஒரு கையில் பை, இன்னொரு கையில் செய்தித்தாள் சுற்றிய தொட்டி. பிரித்துப் பார்த்தால் ஏழு பூக்கள். ரோஸ் நிறம், இதழ் எல்லாம் காற்றில் மடங்கிய குடை மாதிரி பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. இலை வெற்றிலை போல, நடுவில் சாம்பல் நிறக் கோடுகள். நீ அதைக் கூடத்து ஜன்னலில் வைத்தாய்.

மறுநாள் காலையில் அம்மா ஏழு பூவையும் பறித்து சாமி படத்துக்கு வைத்துவிட்டாள்.

"அம்மா, அது பறிக்கிற பூ இல்ல" என்றாய்.

"பறிக்காத பூ இன்னா பூ?" என்றாள் அம்மா.

நீ சிரித்தாய் என்றுதான் எனக்கு ஞாபகம். மதியம் அம்மா என்னைத் தேங்காய் வாங்க அனுப்பினாள். வீட்டில் ஏற்கெனவே நான்கு தேங்காய் இருந்தது. நான் திரும்பி வந்தபோது சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. அம்மா குரல் மட்டும் கேட்டது: "உள்ள பத்திரமாதானே இருக்க? எங்கண்ணன் மொகத்துல நான் எப்படி முழிக்கறது?" அப்புறம் நீ மூக்கை உறிஞ்சும் சத்தம்.

மாட்டுப் பொங்கல் அன்று நான் எழுந்தபோது நீ இல்லை. முதல் பஸ்ஸுக்குப் போய்விட்டாய் என்றார்கள். தொட்டி ஜன்னலிலேயே இருந்தது.

நினைத்தது: பூவைப் பறித்ததற்கா இவ்வளவு கோபம்? தொட்டியை எனக்காக விட்டுவிட்டுப் போனாயா, மறந்துவிட்டுப் போனாயா? பத்திரமாக இருப்பதற்கு ஒருவர் ஏன் அழ வேண்டும்? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

உன் பதிலை எதிர்பார்க்கும்
கவிநிலா


குன்னூர்
11.2.1996

நிலா,

உன் கடிதம் கைமாறிக் கைமாறி நேற்றுதான் வந்தது. இனிமேல் பின்பக்கம் எழுதியிருக்கும் விலாசத்துக்கு எழுது. இங்கே பனி. கை விரல் மரத்துப்போகிறது. மற்றபடி நான் நன்றாக இருக்கிறேன்.

மறந்துவிட்டு வரவில்லை. அது உனக்குத்தான். அதன் பெயர் சைக்ளமென். மண்ணுக்கு மேலே பாதி தெரிகிறதே தட்டையான ஒரு கிழங்கு, அதுதான் அதன் உயிர். அதன் தலையில் தண்ணீர் படவே கூடாது. தொட்டியை ஒரு தட்டில் வை. தட்டில் தண்ணீர் ஊற்று. அரைமணி கழித்து மிச்சம் இருப்பதைக் கொட்டிவிடு. வெயில் நேராகப் படக்கூடாது, வெளிச்சமும் காற்றும் வேண்டும். வாடிய இலையையோ பூவையோ கத்தரிக்காதே. காம்பை அடியில் பிடித்து மெதுவாகத் திருகி இழுத்தால் வந்துவிடும்.

வெயில் காலத்தில் அது ஓய்ந்துவிடும். பயப்படாதே. புரட்டாசியில் புது இலை விடும். அந்த இலை வந்ததும் எனக்கு எழுது. நான் வருகிறேன்.

பூ பறித்ததில் கோபம் இல்லை. அம்மாவுக்கு முட்டியில் எண்ணெய் தேய்த்துவிடு.

வேதா


திருவண்ணாமலை
28.2.1996

பிரியமுள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கண்டதும்தான் எங்களுக்கு மூச்சு வந்தது. இங்கே மூவரும் சுகம். உனக்கு விரல் மரத்துப்போவது நின்றதா? தருமன் மாமா நலமா? போன தடவை கேட்டேன், நீ எழுத மறந்துவிட்டாய்.

கடிதத்தை வீட்டில் சத்தமாக வாசித்தேன். அப்பா அப்போதுதான் மில்லிலிருந்து வந்து சட்டையை உதறிக்கொண்டிருந்தார். கூடம் முழுக்கக் கடலைத் தோல்.

"சைக்ளமேனா? போஸ்ட்மேன் மாதிரி ஒரு உத்தியோகமா?" என்றார்.

அம்மா சிரிக்கவில்லை. "அவ்ளோதானா? வேற ஒண்ணும் எழுதலையா?" என்றாள். அவ்வளவுதான் என்றேன். "பின்னாடி திருப்பிப் பாரு" என்றாள். பின்னால் விலாசம்தான் இருந்தது: சந்திரகலா என்ற பெயர், ஒரு பூச்செடி நர்சரி. உன் பெயரும் இல்லை, மாமா பெயரும் இல்லை, டீ ஃபேக்டரி குவார்ட்டர்ஸும் இல்லை. அம்மா அந்த விலாசத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஆனாலும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

செடி இப்படி இருக்கிறது: பதினான்கு இலை, இரண்டு மொட்டு. மொட்டு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறது, வளர வளர நிமிர்கிறது. எவர்சில்வர் தட்டை அம்மா தரவில்லை. பிளாஸ்டிக் மூடி ஒன்றில் வைத்திருக்கிறேன். அரைமணியைக் கடிகாரம் பார்த்துத்தான் கணக்கு வைக்கிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். நீ போனதிலிருந்து அம்மா வாசல் லைட்டை அணைக்க விடுவதில்லை. ராத்திரி முழுக்க எரிகிறது. "கரண்ட் ஜாஸ்தி ஆவுதுடி" என்று அப்பா சொன்னால், "பூச்சி பொட்டு வருது" என்கிறாள். லைட் போட்டால்தானே பூச்சி வரும்? நான் கேட்டதற்கு, "போய்ப் படி" என்றாள்.

என்றும் உன்
கவிநிலா


திருவண்ணாமலை
21.4.1996

அக்கா,

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? தருமன் மாமா நலமா? இங்கே எல்லோரும் இருக்கிறோம், வெயில்தான் எங்களை வைத்து வறுக்கிறது. மலை பக்கத்திலிருந்து வரும் காற்று அடுப்பை ஊதியது போல இருக்கிறது.

இரண்டு மொட்டும் விரிந்து ஒரு வாரம்கூட நிற்கவில்லை. அப்புறம் இலை மஞ்சளாக ஆரம்பித்தது. பதினான்கு பன்னிரண்டானது, பன்னிரண்டு எட்டானது. வெந்நீர் அறை மூலை, மாடிப்படிக்குக் கீழே, ஈரச் சாக்கு மேலே என்று எல்லா இடத்திலும் வைத்துப் பார்த்தேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. லீவில் தேரடி வீதிப் பக்கம் சக்கரவர்த்தி சார் கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்திருக்கிறேன். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உள்ளே ஏசி. எனக்குத் தெரிந்து நம் ஊரில் குன்னூர் மாதிரி இருக்கும் ஒரே இடம் அதுதான். தொட்டியைப் பைக்குள் வைத்து எடுத்துப்போய்ப் பிரிண்டர் பக்கத்தில் வைத்தேன்.

"இன்னாம்மா இது? கம்ப்யூட்டருக்குத் துணையா?" என்றார் சார்.

"குளிர்ல வாழற செடி சார். ஒரு மாசம் இருக்கட்டும் சார்."

"இருக்கட்டும். வைரஸ் கிய்ரஸ் ஒண்ணும் வராதே?"

பதினைந்து நாள் இருந்தது. அங்கேயும் மஞ்சளாகிக்கொண்டே போனது. யாரோ அதில் டீயின் மிச்சத்தை ஊற்றியிருந்தார்கள். நேற்று சார் என்னைக் கூப்பிட்டு, "ஏசி ரூம்லயே செடி சாவுதுனா வர்றவங்க இன்னா நெனப்பாங்க? அட்மிஷன் கொறஞ்சிடும். எடுத்துட்டுப் போம்மா" என்று சொல்லிவிட்டார்.

இன்றைக்கு மூன்று இலை. வெயிலில் வைத்தாலும் போகிறது, குளிரில் வைத்தாலும் போகிறது என்றால் அதற்கு என்னதான் வேண்டும்? இந்தக் கிழங்கு போய்விட்டால் புரட்டாசியில் இலை வராது. இலை வராவிட்டால் நீ வர மாட்டாய். உடனே எழுது.

கவிநிலா


குன்னூர்
3.5.1996

நிலாக்குட்டி,

அழாதே. நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அது தூங்கப் போகிறது, அவ்வளவுதான். இங்கேயும் இந்த மாதம் எல்லாத் தொட்டியும் மொட்டையாகத்தான் இருக்கிறது. பார்க்கச் செத்தது மாதிரியே இருக்கும். சாகவில்லை.

மூன்று இலையும் தானாக விழட்டும். அதற்குப் பிறகு தண்ணீரை நிறுத்திவிடு. தட்டிலும் வேண்டாம். பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், சுவரோரம் நிழல் இருக்குமே, அங்கே தொட்டியை வை. தோண்டிப் பார்க்காதே. தொட்டுப் பார்க்காதே. தூங்குகிற கிழங்குக்குத் தண்ணீர்தான் விஷம். ஈரம் நின்றால் அழுகிவிடும்.

எனக்கு வேலை ஜாஸ்தி, அதனால்தான் எழுத முடியவில்லை. நல்ல வேலைதான். வெளியில் இருக்கும் வேலை.

அப்பாவை மில்லில் மூக்கில் துணி கட்டிக்கொள்ளச் சொல்.

வேதா


திருவண்ணாமலை
14.7.1996

அன்பான அக்காவுக்கு,

அப்பாவும் அம்மாவும் எப்போதும்போல. நான் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டேன். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

தருமன் மாமா நலமா? அக்கா, நான் என் கடிதங்களின் நகலை நோட்டில் வைத்திருக்கிறேன். இதுவரை மூன்று தடவை இதே கேள்வியைக் கேட்டிருக்கிறேன். அம்மா முட்டியைப் பற்றி எழுதினாய், அப்பா மூக்கைப் பற்றி எழுதினாய். இதற்கு மட்டும் ஒரு தடவைகூடப் பதில் இல்லை. மறதியாக இருந்தால் ஒரு தடவை மறக்கலாம். நீங்கள் இருவரும் சண்டையா?

நீ எழுதியதை அப்படியே செய்தேன். கடைசி இலை மே இருபதாம் தேதி விழுந்தது. தொட்டியைத் துவைக்கிற கல் பக்கத்தில் சுவரோரம் வைத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. ஆனால் மண் ஈரமாகவே இருக்கிறது! மழை இல்லை. துவைக்கும் தண்ணீர் தெறிக்கிறதோ என்று நாலடி தள்ளி வைத்தேன். அப்போதும் ஈரம். சுவரில் ஓதம் இல்லை. தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் பார்க்கிறேன், மேல் மண் கறுப்பாக இருக்கிறது. மண்ணுக்குள்ளேயே ஊறுகிறதா? அப்படி ஒரு மண் உண்டா?

இரண்டாவது விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை கீழ்பென்னாத்தூரிலிருந்து தசரதன் மாமா வந்திருந்தார். தன் அண்ணன் வந்தால் அம்மா கேசரி கிளறுவாளே, இந்தத் தடவை காபி மட்டும்தான். நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தபோது என்னைப் பார்த்து, "உங்க அக்கா எங்க இருக்கானு உனக்குத் தெரியுமாம்மா?" என்றார்.

எனக்குக் குழம்பிவிட்டது. அவர் மகன் வீட்டில் இருக்கும் நீ எங்கே இருக்கிறாய் என்று அவர் என்னைக் கேட்கிறார். உன் புது விலாசம் என் நோட்டில் இருக்கிறது. சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்.

"அவளுக்கு இன்னா தெரியும், சின்னப் பொண்ணு. நீ உள்ள போய்ப் படிடி" என்றாள் அம்மா. "கடுதாசி கிடுதாசி வருதா?" என்று மாமா கேட்டார். "ஒண்ணும் வர்றதில்லண்ணா" என்றாள்.

அக்கா, அம்மா பொய் சொன்னாள். உன் இரண்டு கடிதமும் அரிசி டின்னுக்குள் அவள்தான் வைத்திருக்கிறாள்.

நினைத்தது என்று எழுத எனக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் கலைந்து கிடக்கிறது. யாராவது எனக்கு நேராகச் சொல்லுங்கள்.

கவிநிலா


குன்னூர்
1.8.1996

கவிநிலாவுக்கு,

என் பெயர் சந்திரகலா. உங்கள் அக்காவுக்கு வரும் கடிதங்களில் என் பெயர்தான் இருக்கும். வேதாவுக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். இப்போது இறங்கிவிட்டது, கஞ்சி குடிக்கிறாள். பயம் வேண்டாம். அவள் கையால் எழுத முடியாததால் நான் எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "சொல்லிடுங்க, கேட்டுக்கிட்டே இருக்கா" என்றாள்.

உங்கள் கடிதம் வந்தால் மாமா நலமா என்ற வரி இருக்கும் இடத்தை மடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் வாசிப்பாள். நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் நர்சரி டீ ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்கு நேர் பின்னால் இருக்கிறது. வேதாவின் வீட்டு ஜன்னல் எங்கள் பாத்திக்கு மேலே. தருமன் வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டிக்கொண்டு போவார். கல்யாணமான மாதத்திலிருந்து அப்படித்தான். அடித்தார், திட்டினார் என்று நான் சொல்ல மாட்டேன், நான் பார்த்ததில்லை. பூட்டுவதைப் பார்த்தேன். எட்டுமணி நேர ஷிஃப்ட் என்றால் எட்டு மணி நேரம். ஓவர்டைம் என்றால் அதற்கும் சேர்த்து. ஒருநாள் ஜன்னல் வழியாக, "அக்கா, அது இன்னா பூ?" என்று கேட்டாள். ஒரு சின்னத் தொட்டியைக் கம்பி வழியாகத் தள்ளிக் கொடுத்தேன். உங்கள் வீட்டில் இருப்பது அதுதான். இரண்டு வருடம் அதை அந்த ஜன்னலில் வைத்து வளர்த்தாள்.

பொங்கலுக்கு அவர் இரண்டு நாள் ஊரில் இல்லை. அவருக்குத் தெரியாமல் பூட்டுக்காரனை வைத்துத் திறந்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லிவிட்டு அங்கேயே இருந்துவிடுகிறேன் என்றுதான் கிளம்பினாள். மூன்றாம் நாள் வெறும் கையோடு திரும்பி வந்தாள். அந்த வீட்டுக்குப் போகவில்லை. ஊருக்கு மறுபக்கம் இருக்கும் என் ரூமில்தான் இருக்கிறாள். அதே பக்கம் எங்கள் நர்சரிக்கு இருக்கும் இன்னொரு தோட்டத்தில் வேலை செய்கிறாள், அவர் கண்ணில் படவில்லை. எங்கள் முதலாளியம்மாவுக்கு எல்லாம் தெரியும்.

நீங்கள் நேராகக் கேட்டதால் நேராக எழுதினேன். படிக்கிற பிள்ளை, மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சந்திரகலா


திருவண்ணாமலை
19.8.1996

அக்காவுக்கு,

காய்ச்சல் முழுக்க விட்டதா? வாய்க்கசப்பு போயிற்றா? இந்தத் தடவை நான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. இனிமேலும் கேட்க மாட்டேன். ஒவ்வொரு கடிதத்திலும் அதை எழுதியதற்கு என்னை மன்னித்துக்கொள்.

எல்லாவற்றையும் உண்மையாக எழுதுவேன் என்று சொன்னேன். ஆனால் சந்திரகலா அக்காவின் கடிதத்தை ஒன்பது நாள் மறைத்து வைத்திருந்தேன். புவியியல் புத்தகத்துக்குள். அம்மாவிடம் வாசித்துக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை. அம்மா மேல் கோபமாகவும் இருந்தது. 'உள்ள பத்திரமாதானே இருக்க' என்று அவள் சொன்னது எதை என்று இப்போது எனக்குத் தெரியும்.

பத்தாம் நாள் கணக்கு டியூஷனுக்காகச் சீக்கிரம் எழுந்தேன். பல் தேய்க்கப் பின்கட்டுக்குப் போனபோது அம்மா அங்கே இருந்தாள். வாசல் தெளித்த வாளியில் மிச்சத் தண்ணீர். குனிந்து, கையால் அள்ளி அள்ளி, தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். கிழங்கின் தலையில்.

"அம்மா!" என்று கத்தினேன். "ஊத்தக் கூடாதுனு அக்கா எழுதினது நீ கேட்டதானே?"

"கேட்டேன்."

"அப்புறம் ஏன் ஊத்தற?"

"நீ ஊத்த மாட்ட. அவளும் ஊத்த வேணாங்கறா." வாளியைக் கீழே வைத்தாள். "காஞ்சி கெடக்கறத தெனம் பாத்துட்டு சும்மா போவ முடியலடி."

மே மாதத்திலிருந்து தினமும் ஊற்றியிருக்கிறாள். நான் கிழங்கைத் தொட்டுப் பார்த்தேன். நீ தொடாதே என்றாய், ஆனாலும் தொட்டேன். ஒரு பக்கம் கல் மாதிரி இருந்தது. இன்னொரு பக்கம் விரல் உள்ளே போனது. புளித்த வாசனை அடித்தது.

எனக்கு வந்த ஆத்திரத்தில், "போச்சு. புரட்டாசில எல வந்தா வர்றேன்னு அக்கா எழுதியிருந்தா. இனிமே எலயும் வராது, அக்காவும் வரமாட்டா" என்று சொல்லிவிட்டேன். அந்த வரியை முதல் கடிதத்திலேயே வாசித்தேன், அம்மா கேட்டாள், ஆனால் கிழங்கு அழுகினால் அது என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை போலிருக்கிறது. துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் புத்தகத்துக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்துவந்து, நின்றுகொண்டே வாசித்தேன். பூட்டுக்காரன் வரும் வரியை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. அப்பா கதவோரம் நின்று கேட்டார். அவருக்கு இதெல்லாம் தெரியவே தெரியாதாம். அன்றைக்கு அவர் மில்லுக்குப் போகவில்லை.

அம்மா எழுந்து வாளியைக் கவிழ்த்து வைத்தாள். டியூஷனுக்கு நேரமாகிறது என்று மட்டும் சொன்னாள்.

கவிநிலா


திருவண்ணாமலை
25.8.1996

(அக்கா, இது அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதுவது. ஒரு சொல்லையும் மாற்றவில்லை. நிலா.)

வேதா, அம்மா ஜோதியம்மா பேசறேன். எனக்கு ஒடம்பு பரவால்ல. உனக்கு ஜொரம்னு கேட்டதுல இருந்து சோறு எறங்கல. மொளகு ரசம் வச்சிக் குடி. தலைக்கு ஊத்தாத.

செடிக்குத் தண்ணி ஊத்துனது நான்தான். நிலா மேல தப்பு இல்ல. நீ எழுதினது எனக்குப் புரியாமப் போவல. புரிஞ்சிதான் ஊத்தினேன். உனக்கு ஒண்ணும் செய்யல, இதுக்காவது ஒரு கை தண்ணி ஊத்தறோமேனு இருந்திச்சி. அது சரியில்லனு இப்பத் தெரியுது.

பத்திரமாதானே இருக்கனு உன்னக் கேட்டேன். எங்கண்ணன் வூடு, எங்கண்ணன் பையன், நம்ம சொல்லு கெட்டுப் போவக் கூடாதுனு பாத்தேன். நீ விடியறதுக்கு முன்னாடி போனத நான் தூங்கற மாதிரி படுத்துக்கிட்டு பாத்துனுதான் இருந்தேன். எந்திரிச்சி தடுக்கல. (இங்கே அம்மா எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். நிலா.)

எல வரும்னு நீ காத்துனு இருக்காத. பாதி அழுவிப் போச்சி. வராதுன்னுதான் தோணுது. எல வரலனாலும் வா. அண்ணன் கிட்ட நான் பேசிக்கறேன்.

உங்கப்பா உன்ன இட்டுனு வரக் கெளம்பறேன்னு நிக்கறாரு. இன்னா சொல்ற?


குன்னூர்
10.9.1996

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நிலாவுக்கும்,

காய்ச்சல் இல்லை. ரசம் வைத்துக் குடித்தேன்.

அப்பா வர வேண்டாம். அவருக்கு மலை ஏறினால் வாந்தி வரும். அதற்காக மட்டும் இல்லை. நானாகக் கதவைத் திறந்துகொண்டு, நானாகப் பஸ் ஏறி வர வேண்டும். மாதக் கடைசியில் வருகிறேன்.

நிலா, தொட்டியைக் கவிழ்த்து மண்ணைத் தட்டிவிடு. கிழங்கை ஒரு காகிதத்தின்மேல் நிழலில் காய வை. எதையும் வெட்டாதே, நான் வந்து பார்க்கிறேன்.

உன் கேள்விக்கு இத்தனை நாள் கழித்துப் பதில்: தருமன் நலமாக இருக்கலாம். எனக்குத் தெரியாது.

அம்மாவின் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். எந்த இடத்தையும் மடிக்கவில்லை.

வேதா


திருவண்ணாமலை
6.10.1996

மரியாதைக்குரிய சந்திரகலா அக்காவுக்கு,

உங்கள் நர்சரியில் எல்லோரும் சுகம்தானே? அக்கா நல்லபடியாக வந்து சேர்ந்ததை உங்களுக்கு எழுதச் சொன்னாள். அவள் இரண்டு வரி எழுதச் சொன்னாள், நான் எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

சனிக்கிழமை வருவதாக எழுதியிருந்தாள். எந்தப் பஸ் என்று எழுதவில்லை. அப்பா காலையிலிருந்தே பஸ் ஸ்டாண்டில் நின்றார். சேலத்திலிருந்து வந்த பஸ்களில் எல்லாம் ஏறி, கடைசி சீட்டு வரை போய்ப் பார்த்துவிட்டு இறங்கினாராம். ஒரு கண்டக்டர், "பெரியவரே, சீட்டு புடிக்கறீங்களா, ஆள் புடிக்கறீங்களா?" என்று கேட்டாராம். நான்கு மணிக்கு அக்கா இறங்கினாள். அப்பா அவள் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஆட்டோ பிடிக்க மறந்து வீடு வரை நடந்தே வந்துவிட்டார்கள்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். இருவரும் அழுவார்கள் என்று நினைத்தேன். அழவில்லை. "கை ஏன் இப்படிக் காச்சிப் போயிருக்கு?" என்று அம்மா அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "மண்ணு வேலைமா" என்றாள் அக்கா. அம்மா அந்தக் கையை விடாமலே உள்ளே கூட்டிப்போனாள்.

காபி குடித்ததும் அக்கா கேட்ட முதல் கேள்வி, "கெழங்கு எங்க?" என்பதுதான். காகிதத்தோடு எடுத்துவந்தேன். அமுக்கிப் பார்த்தாள். கத்தியை வெந்நீரில் கழுவி, அழுகிய பக்கத்தை வெட்டி எடுத்தாள். உள்ளே பழுப்பு, அப்புறம் மஞ்சள், அப்புறம் வெள்ளை வரும்வரை வெட்டினாள். பாதிக்கும் கீழே ஒரு துண்டுதான் மிச்சம். வெட்டின இடத்தில் மஞ்சள்தூள் பூசினாள்.

"பொழைக்குமா?" என்றாள் அம்மா.

"தெரியலமா. வெட்டினா பொழைக்கறது கம்மிதான்."

"தண்ணி எப்ப ஊத்தலாம்?"

"நான் சொல்றேன்."

"சரி. நீ சொல்றப்ப ஊத்தறேன்" என்று சொல்லிவிட்டு, அம்மா ஷெல்ஃபிலிருந்து ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். எனக்குத் தராத தட்டு.

இன்று வரை இலை வரவில்லை. மணல் நிரப்பிய தொட்டியில் அந்தத் துண்டு வெறுமனே உட்கார்ந்திருக்கிறது. வந்தால் எழுதுவேன். வராததை வந்தது என்று எழுத மாட்டேன்.

மறுநாள் தசரதன் மாமா வந்தார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா அவருக்குக் காபி கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அவ இங்கதான் இருக்காண்ணா. பேசறதுனா என்கிட்ட பேசு. அவள கூப்பிடாத" என்றாள். மாமா காபியைக் குடிக்காமல் போய்விட்டார். அம்மா அந்த டம்ளரை ரொம்ப நேரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதையும் எழுதத்தான் வேண்டும்.

எனக்கு இன்னமும் எல்லாம் புரிந்துவிடவில்லை. தண்ணீர் ஊற்றினால் அழுகும், ஊற்றாவிட்டால் பிழைக்கும் என்றால், ஆசையாக இருப்பவர்கள் என்னதான் செய்வது? அக்காவிடம் கேட்டேன். அவள் தொட்டியைத் தட்டோடு நிழல் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

கடைசியாக ஒன்று. அக்கா வந்த அன்று சாப்பிட்டு முடித்து நாங்கள் கூடத்தில் பாய் விரித்தோம். வழக்கமாக அம்மா போய் வாசல் கிரில்லை உள்பக்கமாகப் பூட்டிச் சாவியை ஆணியில் மாட்டுவாள். அன்று பூட்டைக் கையில் எடுத்தவள், அப்படியே நின்றாள். அப்புறம் வந்து பூட்டையும் சாவியையும் அக்காவிடம் நீட்டினாள்.

"நீ பூட்டிக்கோ" என்றாள். "வேணாம்னா தெறந்தே கெடக்கட்டும்."

அக்கா எழுந்துபோய்ப் பூட்டினாள். திறந்தாள். மறுபடி பூட்டினாள். சாவியைத் தன் தலையணைக்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தாள். அம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாசல் பக்கம் போனாள்.

மணி எட்டரை இருக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். முதலில் கூடத்து லைட், அப்புறம், ஜனவரியிலிருந்து எரிந்துகொண்டிருந்த வாசல் லைட்டையும் அம்மா அணைத்தாள்.